அச்சு முறிந்தால் தேர் ஓடுமா?



"கணினியில் தமிழ் நிலைக்க மக்கள் ஆர்வமே போதும்" என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். "அரசு ஆணைதான் வேண்டும்" என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

இந்த ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். முப்புரம் எரிக்கப் புறப்பட்டார் சிவபெருமான். நான்கு வேதங்களும் குதிரை, பிரமனே தேரோட்டி. பிள்ளையாரைக் கும்பிட மறந்தாங்க, தேரச்சு முறிஞ்சு போச்சு! அச்சு இறு பாக்கம், அச்சரப்பாக்கம் ஆயிற்று. ஊர்ப் பேரிலேயே அச்சும் இருக்கு, அச்சரமும் இருக்கு! (கைதட்டல்)

கணினித் தமிழுக்கும் அச்சுதான் ஐயா முறிந்தது. தொண்ணூறுகளில் ஆர்வம் கரைபுரண்டது. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. என் முனைவர் பட்ட ஆய்வேட்டை அப்படி ஒன்றில்தான் தட்டச்சு செய்தேன். போன மாதம் திறக்கிறேன், கண்ணகியைக் காணோம்! கட்டமும் கேள்விக்குறியும் நிக்குது. வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு, "முன்னே மட்டும் புரிஞ்சுதா?" என்றார். (பலத்த சிரிப்பு)

என் ஆய்வேடு போனால் ஊருக்கு நட்டமில்லை. ஓர் ஏழையின் பட்டா அப்படிப் போனால்?

பக்கத்தில் உத்திரமேரூருக்குப் போங்கள். பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. வயது 1,100 ஆண்டு. அந்த எழுத்தைப் பழகிய எவரும் படிக்கலாம். எந்தக் கடையிலும் சாவி வாங்க வேண்டாம். திறந்த தரம் என்பது அதுதான் ஐயா!

முறிந்த அச்சை மாற்றியது யார்? 1999-இல் தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது தமிழக அரசு. 2010 ஜூனில் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு மின்னாளுகைக்குத் திறந்த தரக் கொள்கை வெளியிட்டது. தரத்தின் விவரம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும், உரிமைத்தொகை கேட்கக் கூடாது என்பது அதன் சாரம்.

"ஆணை வந்தும் பழைய எழுத்துருவில் கோப்பு வருதே?" என்பீர்கள். வருகிறது, எனக்கே வந்தது. தலைக்கவசம் போடாதவர் இருக்கிறார் என்பதற்காகச் சட்டமே வேண்டாம் என்பீர்களா? கண்டிப்பாக நடத்துங்கள் என்றல்லவா கேட்க வேண்டும்!

ஆர்வம் குதிரை, இழுக்கட்டும். அச்சை அரசு பூட்டட்டும். மக்களின் ஆவணம், அதன் சாவி ஒரு கடைக்காரர் கையில் இருக்கக் கூடாது. நடுவர் அவர்களே, தீர்ப்பு எங்களுக்கே!