வீடு கிடைத்த பிறகும் மனம் எழும்பாவிட்டால்

(அம்பிட்டியவில், மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் வைத்தியர் இல்லை. இந்த நிறுவனத்தில் தகவல் வேலை பார்க்கிறேன். காணி, மின்சாரம், தண்ணீர் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த விஷயம் மனசு.

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகு சிலருக்கு ஒரு யோசனை வரும். "எல்லாம் கிடைத்துவிட்டது, அப்படியும் எனக்கு ஏன் ஒன்றும் பிடிக்கவில்லை?" வெளியே சொல்ல முடியாது. சொன்னால் நன்றி கெட்டவர் என்பார்கள். உங்களுக்கு அப்படி இருந்தால், அது நன்றி கெட்டதனம் இல்லை. அது ஒரு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியது உங்களுக்கு நினைவிருக்கும். தப்பியவர்களில் பல குடும்பங்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தங்கியிருந்தன. புது வீடுகள் கைக்கு வந்தது 2016இல். இழப்பு ஒரு நாளில் நடக்கிறது. காத்திருப்பு வருடக் கணக்கில் போகிறது. அந்தக் காத்திருப்பும் மனதைத் தேய்க்கும்.

துக்கம் எல்லாம் நோய் இல்லை. வைத்தியர்கள் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருப்பது. கூடவே பசி மாறுவது, தூக்கம் குறைவது அல்லது கூடுவது, தீராத அலுப்பு, ஒன்றை முடிவெடுக்க முடியாமை, "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம், நம்பிக்கை அறுந்து போவது. இவற்றில் இரண்டாவது இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு வருடமே போதும்; அவர்களிடம் சோகத்தைவிட எரிச்சல்தான் தெரியும். இதை டிஸ்தைமியா என்பார்கள். நாம் நீடித்த மனச்சோர்வு என்போம்.

இதன் கஷ்டம், இது ஆளைப் படுக்கையில் போடுவதில்லை. அவர் கொழுந்தெடுக்கப் போவார், சமைப்பார், பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புவார். அதனால் யாருக்கும் தெரியாது. "அவ சுபாவமே அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுவார்கள். பத்து வருடம் போனால் அவரும் அதையே நம்பிவிடுவார். இதன் மேலேயே கடுமையான மனச்சோர்வு வந்து ஏறிக்கொள்வதும் உண்டு.

நம் ஆட்கள் மனசு என்று சொல்லமாட்டார்கள். தலையிடி, மேல்வலி, நெஞ்சு படபடப்பு என்பார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் இதை எழுதியிருக்கிறார். ஆகவே வைத்தியரிடம் உடம்பு வலியைச் சொல்லும்போது மனசையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு இருந்தாலும் இதே அலுப்பு வரும். அதனால் இரத்தம் சோதிக்கச் சொல்லலாம். ஆண்கள் பலர் இதைச் சாராயத்தில் மறைக்கிறார்கள். சாராயம் சோர்வைக் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும்.

சிகிச்சை இரண்டு வகை: பேச்சு, மருந்து. நாள்பட்ட சோர்வுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. பேச்சுச் சிகிச்சை என்பது "தைரியமா இரு" என்று சொல்வதல்ல. அதைச் சொல்ல அயலில் நிறையப் பேர் இருக்கிறார்கள்! ஆசை வந்த பிறகு செய்வோம் என்று காத்திராமல், சின்ன வேலை ஒன்றை நேரம் குறித்துச் செய்யப் பழக்குவார்கள். ஆசை பிறகுதான் வரும். கோவில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை போவதை விடவேண்டாம். மருந்தோடு அதுவும் இருக்கட்டும்.

மருந்தில்தான் பலர் தவறவிடுகிறார்கள். செர்ட்ரலின், புளுஒக்சிட்டீன் போன்றவை தூக்க மாத்திரை இல்லை. இவற்றுக்கு அடிமையாவதும் இல்லை. முதல் நாட்களில் வயிறு குமட்டலாம். பலன் நன்றாகத் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளில் "இது சரிவராது" என்று நிறுத்திவிட்டால், பிடிக்காத பக்கத்தை மட்டும் பார்த்ததாகிவிடும். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம், நாள்பட்ட நோயென்றால் அதைவிடக் கூடுதலாக எடுக்கச் சொல்வார்கள். நிறுத்துவதென்றால் வைத்தியர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக.

எங்கே போவது? உங்கள் குடும்பநல மாதுவிடம் சொல்லலாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் ஓபிடிக்குப் போகலாம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. சிகிச்சை இலவசம். சிங்களம் தெரியாவிட்டால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் மனசை ஒரு பிள்ளை எடுத்துச் சொல்வது இரண்டு பேருக்கும் பாரம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம். அன்றே போங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும் உண்டு. வீட்டில் ஒருவரைப் பற்றிச் சந்தேகமென்றால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. புல்லு மருந்துப் போத்தல் வீட்டுக்குள் வேண்டாம்.

ஏற்கனவே கிளினிக் போகிறவர்களுக்கு ஒன்று. இடம் மாறுவதற்கு முன் பழைய கிளினிக்கில் கடிதம் கேட்டு வாங்குங்கள். கொப்பியையும் மீதி மாத்திரைகளையும் சாமான் மூட்டையில் கட்டாமல் கைப்பையில் வையுங்கள். லொறி ஒரு நாள் பிந்தினாலும் மருந்து பிந்தாது.