சோதிப்பதே மரியாதை

(மயிலாப்பூர் மாங்கொல்லைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே வருகிற வழியில் கச்சேரி சாலையில் ஒரு நாட்டு மருந்துக் கடை வாசலில் நின்றேன். சுக்கும் சித்தரத்தையும் கண்டந்திப்பிலியும் கலந்த வாசனை தெருவரைக்கும் வருகிறது. கைக்குழந்தையோடு வந்த ஓர் இளம் தாய் உரை மருந்து கேட்டாள். கடைக்காரர் கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் என்று சொல்லிச் சொல்லி எடுத்து வைத்தார். வசம்பை மட்டும் வாய் திறக்காமல் வைத்தார். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால் 'பேர் சொல்லாதது' என்பதே அதற்குப் பெயர்!

எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது. வசம்பைச் சுட்டு, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைப்பாள். எதற்கு எத்தனை இழைப்பு என்று அவள் விரலுக்குத் தெரியும். இழைத்ததை முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பிறகுதான் அது குழந்தையின் வாய்க்குப் போகும்.

தோழர்களே, நான் இன்று பேச வந்தது அந்த நாக்கைப் பற்றித்தான்.

பாட்டி வைத்தியமா, எல்லாம் மூடத்தனம், தூக்கிப் போடு என்கிறது ஒரு கூட்டம். சித்தர்கள் சொல்லிவிட்டார்கள், கேள்வி கேட்காதே, காசை எடு என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு பேரையும் இந்த மேடையில் நின்று குற்றம் சாட்டுகிறேன். இருவரும் செய்ய மறுப்பது ஒரே வேலையை. மருந்தைச் சோதித்துப் பார்க்க மறுக்கிறார்கள்!

தீபாவளிக்குத் துணி எடுக்கத் தியாகராய நகர் உஸ்மான் சாலைக்குப் போகாதவர் இங்கே உண்டா? அந்த உஸ்மான் யார் என்று கேட்டவர் எத்தனை பேர்? 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முகமது உஸ்மான் அவர். நாட்டு மருத்துவத்தை ஆராய 1921இல் அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். செயலாளர் கேப்டன் சீனிவாசமூர்த்தி ஆங்கில மருத்துவம் படித்தவர். பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநர். அந்தக் குழு வைத்தியர்களையே கேட்டது. அவர்கள் எழுதிய பல மொழிகளிலேயே சாட்சியங்களைப் பதிவு செய்தது. 1923இல் அறிக்கை வந்தது. அதன் பயனாகக் கீழ்ப்பாக்கத்தில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி எழுந்தது. நூறு ஆண்டுக்கு முன்னால் நம் ஊரில் இந்த நிதானம் இருந்தது. இன்று ஏன் இல்லை?

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்று நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அடையாறுக்கு அடுத்த தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் அதைச் சோதித்தார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். அந்த வைரஸ் உடம்பில் தங்கிவிட்ட 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி. 23 பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. மற்றவர்களில் ஒரே ஒருவருக்கு! 1988இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது.

இதோடு நிறுத்தினால் உங்கள் கைதட்டல் எனக்குக் கிடைக்கும். ஆனால் நிறுத்த மாட்டேன். பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி எந்த மண்ணில் வளர்ந்தது, எப்படிப் பதம் செய்தார்கள் என்று புதுக் கேள்விகள் எழுந்தன. முதல் பாதியை மட்டும் சொல்லி விற்பவன் கீழாநெல்லிக்கே துரோகி.

சீனத்தைப் பாருங்கள். சுமார் 1,600 ஆண்டுப் பழைய மருத்துவ நூல் ஒன்று, ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது. அதில் கொதிக்க வைக்கும் பேச்சே இல்லை என்பதைத் தூ யூயூ என்ற பெண் கவனித்தார். சூட்டைக் குறைத்துச் சாறு எடுத்தார். 1972இல் அதைத் தன் உடம்பிலேயே முதலில் சோதித்தார். அதுதான் மலேரியாவுக்கான ஆர்டிமிசினின். அதற்குத்தான் 2015இல் நோபல் பரிசு. என் பாட்டியின் நாக்குக்கும் அந்த அம்மாவின் துணிச்சலுக்கும் உறவு இருக்கிறதா, இல்லையா?

1721இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரியம்மை கண்டது. அம்மைச் சீழைக் கையில் கீறித் தடவினால் பெரிய நோய் வராது என்று, ஒனிசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை தன் எஜமானுக்கு முன்பே சொல்லியிருந்தார். செய்து பார்த்தார்கள். தானாக அம்மை கண்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் இறந்தார். கீறிக்கொண்டவர்களில் ஏறத்தாழ நாற்பது பேருக்கு ஒருவர்தான்.

அடிமையின் அறிவு அது. நம் ஊரில் பிள்ளைப்பேறு பார்த்த கை யாருடையது? கட்டியைக் கீறி மருந்து வைத்த கை யாருடையது? ஊருக்கு முடி வெட்டிய குடும்பத்தின் கை! மருத்துவர் என்ற பெயரையே சுமக்கும் சமூகம் அது. அந்த மருத்துவச்சி கையில் பிறந்துவிட்டு, அவளையே வாசலில் நிறுத்திய ஊர் நம் ஊர். பக்கத்து ராயப்பேட்டையில் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். பாரம்பரியம், பாரம்பரியம் என்று மார் தட்டுகிறவர்கள் இந்தப் பெயர்களை ஏன் சொல்வதில்லை? வசம்புக்குப் பெயர் சொல்லாதது மரியாதை. மனிதர்களுக்குப் பெயர் சொல்லாதது அநியாயம்!

நம்பிக்கையைக் கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6, மனநோய் தீரும் என்று நம்பி நோயாளிகளைக் கொண்டுவந்து விட்ட ஏர்வாடி. காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள்! ஆனால் அடுத்த ஆண்டு, தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூடவே வீட்டார் ஒருவர். நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஆறுதலும் மருந்துதான். அதையும் அளந்து பார்த்ததால்தானே நமக்குத் தெரிந்தது?

என் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். சர்க்கரையை அடியோடு நீக்கும் சூரணம் என்று ஒருவர் கொடுத்தார். டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. பெரியப்பா மாத்திரையை நிறுத்தினார். ஐந்தாவது மாதம் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். "தம்பி, பாட்டன் மருந்துன்னு சொன்னான்டா" என்றார் என்னிடம். அந்தச் சொல்லை வைத்துத்தான் அவரை ஏமாற்றினார்கள்.

ஆகவே கேட்கிறேன். அரசே, நாட்டு மருந்தைச் சோதிக்கப் பணம் ஒதுக்கு. பலித்தாலும் பலிக்காவிட்டாலும் முடிவை வெளியிடு. விற்பவரே, டப்பாவில் இருப்பதை எழுதுங்கள். ஆங்கில மருத்துவரே, நோயாளி நாட்டு மருந்து சாப்பிடுவதைச் சொன்னால் திட்டாதீர்கள், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. அதனால் என் பேத்திக்கு நாங்கள் உரை மருந்து கொடுக்கவில்லை. பாட்டியின் உரைகல்லை மட்டும் பூஜை மாடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம். இரண்டிலும் எனக்கு வெட்கம் இல்லை. குழந்தைக்குக் கொடுக்கும் முன் பார்த்துவிட்டுக் கொடு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.