கதவை அடைத்த கடவுச்சொல்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓர் இணையதளம் திறக்கவில்லை என்றதும் "ஹேக் பண்ணிட்டாங்களாம்" என்கிறோம். எதையும் திருடாமலே, உள்ளே வர வேண்டியவர்களை வர விடாமல் செய்வதும் தாக்குதல்தான். சேவை மறுப்புத் தாக்குதல் என்பார்கள். 12ஆம் வகுப்பில் நம் பிள்ளைகள் படிக்கும் பைதான் மொழியிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு.

பைதானில் இணையதளம் அமைக்க ஜாங்கோ என்ற மென்பொருள் இருக்கிறது. உள்நுழைவுப் பகுதியும் அதனுடனே வருகிறது. நல்ல மென்பொருள் நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காது. அரைத்து மாவாக்கித்தான் வைக்கும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நாம் தட்டச்சு செய்வதையும் அதேபோல் அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். ஜாங்கோ அன்று 10,000 சுற்று அரைத்தது. வேண்டுமென்றேதான். பட்டியலைத் திருடியவன் ஒவ்வொரு சொல்லாக ஊகித்துப் பார்க்க நெடுநாள் ஆகட்டும் என்று.

வினை அங்கேதான் இருந்தது. கடவுச்சொல்லின் நீளத்துக்கு வரம்பு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் முழுச் சொல்லையும் முதலிலிருந்து அரைத்தது. விடைத்தாள் திருத்தும் முகாமை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஆயிரம் கூடுதல் தாளில் கிறுக்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறான். பூச்சியம்தான் போடப் போகிறோம். ஆனால் எல்லாத் தாளையும் 10,000 முறை படித்த பிறகே போடலாம் என்று விதி. அடுத்த கட்டு எப்போது பிரிப்பது? அப்படி, ஒரு மெகாபைட் நீளக் கடவுச்சொல்லைத் தவறு என்று சொல்லவே ஜாங்கோவுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. இப்படிச் சிலவற்றை அடுத்தடுத்து அனுப்பினால் போதும், மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். சரியான கடவுச்சொல் தெரிய வேண்டியதே இல்லை.

2013 செப்டம்பரில் 4096 பைட்டுக்கு மேல் ஏற்பதில்லை என்று வரம்பு வைத்தார்கள். தமிழில் ஒரு 'க'வுக்கு 3 பைட், 'கொ'வுக்கு 6, அப்படியும் தாராளம். (12 எழுத்துக்கு மேல் கூடாது என்னும் சில தளங்கள் இதைக் கவனிக்கலாம்.) அடுத்த மாதமே அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, நீளச் சொல்லை முதலில் ஒரே தடவை சுருக்கி, அந்தச் சுருக்கத்தை மட்டும் சுற்றுகளில் பயன்படுத்தும்படி திருத்தினார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. நோயைப் பார்த்த வைத்தியம்.

இந்தக் குறையை முதலில் சொன்னவர் உரியவர்களிடம் தனியாகச் சொல்லாமல் பொதுவில் சொல்லிவிட்டார். அதனால் அவசரமாகத் திருத்த வேண்டியதாயிற்று. நம் மாணவர் ஒருவர் எங்காவது இப்படி ஒரு ஓட்டையைக் கண்டால் முதலில் நம்மிடம்தான் ஓடிவருவார். அதட்டி அனுப்பிவிடாதீர்கள். அந்தத் தளத்தாருக்கோ, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கோ எழுத உதவுங்கள். "சும்மா அனுப்பிப் பார்த்தேன் சார்" என்பது மட்டும் வேண்டாம். உரியவர்களின் அணுகலைத் தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை.

சோதிக்கும் ஆசைக்கு நம் ஆய்வகக் கணினி போதும். பைதானின் ஹாஷ்லிப் நூலகத்தில் இதே அரைக்கும் முறை இருக்கிறது. சுற்றுகளை 10,000இலிருந்து 10,00,000 ஆக்கி நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு சுற்றை மாற்றாமல் கடவுச்சொல்லை மட்டும் ஒரு மெகாபைட் ஆக்கட்டும். நேரம் பெரிதாக ஏறாது. ஏன் ஏறவில்லை என்று அவர்களே சொல்லட்டும்.