வை.மு.கோ.: சொல்லச் சொல்ல வளர்ந்த வாழ்வு



பத்தாம் ஆண்டு நிறைவு காணும் இந்த அவையில் வை.மு. கோதைநாயகி அம்மையாரை நினைவுகூரும் பணியை எனக்கு அளித்தீர்கள். போற்றத் தொடங்கும் முன் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டியவளாக நிற்கிறேன். முனைவர் பட்ட ஆய்வேட்டில் அம்மையாருக்கு நான் ஒதுக்கியது ஒரே ஒரு வரி: '115 நாவல்கள் எழுதிய பொழுதுபோக்கு எழுத்தாளர்.' எண்ணிக்கை சரி, மதிப்பீடு பிழை.

அதனை எனக்கு உணர்த்தியது ஆய்வு நூலன்று. என் பாட்டியின் தகரப் பெட்டி. அவர் மறைந்தபின் அதனைத் திறந்தோம். நூலால் தைத்துக் கட்டிய பழைய ஜகன்மோகினி இதழ்கள் இருந்தன. பள்ளி வாசலை மிதியாத பாட்டி எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது அவ்விதழ்களைக் கொண்டுதான் என்று என் தாயார் அன்று சொன்னார். நான் ஒரு வரியில் கடந்தவர், என் வீட்டுக்கே ஆசிரியராக இருந்திருக்கிறார்.

1901ஆம் ஆண்டு பிறந்த அம்மையார் குழவிப் பருவத்திலேயே தாயை இழந்தவர். ஆறு வயது நிரம்பும் முன்னே மணம் முடிந்தது. பள்ளிக் கல்வி இல்லை. புகுந்த வீடு திருவல்லிக்கேணியில், கல்வியும் வைணவமும் செழித்த குடும்பம். கணவர் பார்த்தசாரதி மனைவியின் ஆற்றலை அறிந்து துணை நின்றார். வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக் கதை சொல்வது அம்மையாரின் இயல்பு. மனத்தில் கதை இருந்தது. கையில் எழுத்துப் பழக்கம் இல்லை. ஆகவே தோழி பட்டம்மாள் அருகமர்ந்து எழுத, இவர் சொன்னார். அவ்வாறு உருவான 'இந்திரமோஹனா' என்னும் நாடகமே முதல் படைப்பு.

1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தலானார். எழுதத் தெரியாதிருந்த பெண் இதழாசிரியர் ஆனார்! 'வைதேகி' அதில்தான் தொடராக வந்தது. பெண்கல்வி, விதவையர் துயர், மதுவின் கேடு ஆகியவற்றைக் கதைக்குள் வைத்துச் சொன்னமையால், மேடைக்கு வர இயலாத பெண்களின் அடுக்களைக்கே அவை சென்று சேர்ந்தன. நாம் பொழுதுபோக்கு என்று தள்ளியது, அப்பெண்களுக்குக் கிடைத்த ஒரே கல்வியாகவும் இருந்திருக்கலாம் அல்லவா?

எழுத்தோடு அவர் நின்றாரில்லை. இனிய குரலில் கருநாடக இசை பாடினார். மேடைகளில் சொற்பொழிவாற்றினார். காந்தியடிகளைக் கண்டபின் பட்டையும் அணிகளையும் துறந்து கதர் உடுத்தார். கள்ளுக்கடை மறியலில் நின்று சிறை புகுந்தார், சிறையிலும் எழுதினார். அடிகளின் மறைவுக்குப் பின் 1948இல் மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கி ஏழைப் பெண்களுக்குத் தொண்டு செய்தார்.

1956இல் மகன் சீனிவாசன் மறைந்தார். அத்துயரிலிருந்து அம்மையார் மீளவில்லை. நோயுற்று 1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். அவர்தம் 'தயாநிதி' நாவல் 1966இல் 'சித்தி' என்னும் திரைப்படமாகி வெற்றி பெற்றபோது, அதைக் காண அவர் இல்லை.

இல்லறம், கலை, தொண்டு என இவ்வாழ்வை மூன்றாகப் பிரிப்பது நம் வழக்கம். எனக்கு அவை ஒன்றாகவே தோன்றுகின்றன. வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையே இதழாயிற்று. இதழில் பேசிய குரலே மறியலில் ஒலித்தது.

கவிஞர்களே, நிறைவாக ஒன்று கேட்கிறேன். கதை சொன்னவரைப் போற்றும் நாம், எழுதித் தந்த தோழியின் கையையும் நினைக்க வேண்டும். அந்தக் கை இல்லையேல் அந்த முதல் நாடகம் காற்றோடு போயிருக்கும். நம் தெருக்களில் கதையும் பாட்டும் நெஞ்சில் கொண்டு, எழுதத் தெரியாமல் மூத்துவரும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். பதினோராம் ஆண்டில் நம்மில் ஒவ்வொருவரும் அத்தகைய ஒருவர் அருகே ஏட்டோடு அமர்வோம். அவர் சொல்லட்டும், நாம் எழுதுவோம்.

என் ஆய்வேட்டின் அந்த ஒரு வரியை இனி மாற்ற இயலாது. இவ்வுரையையே அதற்குத் திருத்தமாக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டி அமைகிறேன்.