மைலோ ரின்னுக்குள் இருந்த மாத்திரை
(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பேச்சுப் போட்டிகளுக்காக இந்த மேடையில் பலமுறை ஏறியிருக்கிறேன். பாடமாக்கியது மறந்துபோகுமோ என்பதுதான் அப்போதைய பயம். இன்றைய பயம், நான் சொல்லப்போவதை நீங்கள் மறக்கமாட்டீர்களே என்பது. விழாக்குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'பெண்களும் உடல்நலமும்'. அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு. எனக்கு அது வந்தது.

2003 இல் என் மூத்த மகள் பிறந்தாள். பிள்ளை பிறந்து முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கும் உள்ளதுதான். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. 31ஆம் நாள் துடக்குக் கழிவு, வீடு நிறையச் சனம். அறைக்குள் பிள்ளை அழுகிறது. தூக்க வேண்டும் என்று தெரிகிறது, கை எழும்பவில்லை. நித்திரை இல்லை. நான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை நன்றாக வளரும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது. கண்ணூறு என்று நூல் கட்டினார்கள். பத்தியம் பிழைத்துவிட்டது என்றார் மாமி. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். இது ஒரு நோய் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

சொன்னவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளையைப் பார்த்து முடித்தவர், போகாமல் என் பக்கத்தில் இருந்து, "தங்கச்சி, நீங்கள் கடைசியா எப்ப நித்திரை கொண்டனீங்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனது. மருந்து உடனே வேலை செய்யாது, இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும் என்றார் வைத்தியர். பொறுத்தோம். ஏழாம் மாதம் திரும்பவும் படிப்பிக்கப் போனேன். பிறகு வைத்தியர் சொன்னபடி மருந்தைக் குறைத்து நிறுத்தினோம்.

நோய் போன பிறகும் ஒளிப்பு போகவில்லை. அம்மா என் மாத்திரைகளை மைலோ ரின்னுக்குள் வைத்திருந்தார். கிளினிக் நாட்களில், "பல்லுக் காட்டப் போறாள்" என்று அயலுக்குச் சொல்வார். (அந்தக் கணக்கில் எனக்கு ஒரு பல்லும் மிஞ்சியிருக்கக்கூடாது.) அம்மாவில் குறை சொல்லமாட்டேன். கலியாணத்துக்கு இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளை வைத்திருந்தவர் அவர். சீனி வருத்தம் உள்ள குடும்பத்தில் சம்பந்தம் செய்ய நாங்கள் யோசிப்பதில்லை. 'விசர்' என்ற ஒரு சொல் போதும், பேசி முடித்த கலியாணமும் குழம்பிவிடும்.

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. மனநோய்பற்றிய எங்கள் நாட்டுச் சட்டம் 1873 இல் எழுதப்பட்டது. அங்கொடை வைத்தியசாலை 1926 இல் திறக்கப்பட்டது. அந்த ஊரின் பெயரையே நாங்கள் வசைச் சொல்லாக்கிவிட்டோம். தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவரைக் குற்றவாளியாக நிறுத்தும் சட்டம் 1998 இல்தான் நீக்கப்பட்டது.

இப்போது என் மகளுக்குச் சம்பந்தம் பேசும் வயது. அதனால் இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொள்ளமுன் அவளிடம் கேட்டேன். "இதைக் கேட்டுப் பின்வாங்குற வீட்டுக்கு நான் போய் என்ன செய்யிறது அம்மா?" என்றாள். என் கணவர் மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள், "நானும் வாறன்" என்றார். பின்வரிசையில் இருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற 100 தாய்மாரில் ஏறத்தாழ 13 பேருக்கு மனநலக் குறைபாடு வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. வளர்முக நாடுகளில் இது 20 அளவில். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று ஒருதரம் திரும்பிப் பாருங்கள்.

மகளோ மருமகளோ பிள்ளை பெற்று இரண்டு வாரம் கடந்தும் அழுகை, நித்திரையின்மை, பிள்ளையில் பற்றின்மை இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இலக்கம் உதவாது. மொழிபெயர்க்க வருபவர் ஊர்க்காரராக இருந்துவிடுவாரோ என்ற பயம் அங்கே வேறு. குடும்ப வைத்தியரிடம் வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பெற்ற அங்கத்தவர் வீட்டுக்கு வாழ்த்து மடலும் பிள்ளைச் சட்டையும் அனுப்புகிறோம். அதோடு, ஆறாம் கிழமையில் ஒரு அக்கா நேரில் போய், தாயோடு அரை மணித்தியாலம் இருந்து வரட்டும். முதல் வருடம் போகிறவர்களில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

தேநீர் நேரத்தில் நூல்நிலைய வாசலில் இருப்பேன். தனியாகக் கதைக்க விரும்புகிறவர்கள் அங்கே வரலாம்.