கியோசாத்தோ மலைப் பண்ணை
(ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் மருத்துவமனை சாப்ளின் ஐயர் ஆற்றிய உரை)



இன்று ஜப்பான் தேசத்திலுள்ள ஒரு பண்ணையைக் குறித்துச் சிந்திப்போம். யாமானாஷி மாகாணத்தில், யாட்சுகாதாகே மலையடிவாரத்தில், 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் ஊர் கியோசாத்தோ. குளிர் அதிகம், நெல் சரியாக விளையாது. தோக்கியோ நகரத்தின் தண்ணீருக்காக ஒகோச்சி அணை கட்டத் திட்டமிட்டபோது, சொந்த ஊரை இழந்த சில குடும்பங்கள் 1938-ஆம் ஆண்டில் இங்கே வந்து காட்டைத் திருத்திக் குடியேறின.

அதே ஆண்டில் பால் ரஷ் என்ற அமெரிக்க ஊழியர் வாலிபருக்காக அங்கே ஒரு முகாம் இல்லம் கட்டினார். 1923-ஆம் ஆண்டு பூகம்பத்துக்குப் பின், வாலிபர் கிறிஸ்தவ சங்கக் கட்டடங்களைச் சீரமைக்க 1925-இல் ஜப்பானுக்கு வந்தவர் அவர். யுத்தம் மூண்டது, 1942-இல் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். 1945-இல் திரும்பி வந்தபோது கண்டது, தோற்றுப்போய்ப் பசித்திருந்த ஒரு தேசம்.

அவர் நான்கு காரியங்களை ஒன்றாகச் சேர்த்தார்: உணவு, ஆரோக்கியம், விசுவாசம், வாலிபருக்கு நம்பிக்கை. 1948-இல் அங்கே பரிசுத்த அந்திரேயா ஆலயம் எழும்பியது. வைத்தியசாலையும் நூலகமும் பண்ணையும் உண்டாயின. நெல் விளையாத மண்ணோடு அவர் போராடவில்லை. அந்த மண்ணுக்கு ஏற்றதைத் தேடினார். மேய்ச்சல் புல்லும் மலைக் காய்கறியும் பயிராயின. குளிரைத் தாங்கும் ஜெர்சி பசுக்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன.

அந்தப் பசுக்களுக்குப் பின்னால் இருந்தது யாருடைய காணிக்கை என்று எண்ணிப் பாருங்கள். ஜப்பானோடு நடந்த யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தேசத்தின் சபை மக்கள், நேற்றுவரை சத்துருவாயிருந்தவனின் குழந்தை பால் குடிக்கக் கொடுத்தார்கள். சத்துருவை நேசியுங்கள் என்ற கட்டளை அங்கே மாட்டுத் தொழுவத்தில் நிறைவேறியது.

ஒரு மூட்டை அரிசி சில வாரங்களில் தீர்ந்துபோகும். பசுவோ கன்று ஈனும். அந்தக் கன்றும் ஒரு நாள் பால் தரும். வாங்கினவன் தன் காலில் நிற்பான். 1955-இல் முகாம் இல்லம் தீக்கிரையானது. 1957-இல் மறுபடியும் கட்டினார்கள். பால் ரஷ் 1979-இல் மறைந்தார். பண்ணை இன்றும் இருக்கிறது. அதன் ஜெர்சி பாலில் செய்த ஐஸ்கிரீமுக்காகவே பலர் மலையேறுகிறார்கள்.

பிரியமானவர்களே, வெறும் வயிற்றோடிருக்கும் நோயாளிக்கு மாத்திரை மட்டும் போதுமா? பசித்த ஜனங்களை அனுப்பிவிடாமல், அவர்களுக்கு உணவு கொடுக்கும்படி தம் சீஷருக்குச் சொன்ன ஆண்டவருக்கே நாமும் ஊழியம் செய்கிறோம். நோயாளியின் படுக்கையருகே ஜெபிக்கும் நாம், அவர் வீட்டு அடுப்பையும் விசாரிப்போம். உங்கள் காணிக்கை தீர்ந்துபோகிற மூட்டையாக அல்ல, கன்று ஈனும் பசுவாக விளங்கும்படி ஜெபத்தோடு கொடுங்கள்.

கர்த்தர் உங்கள் வீட்டையும் வயலையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.