கிரகணமும் கொலம்பஸும்

(இராயபுரம் கூட்டத்தில் பேசியது)



நான்கு வருஷத்துக்கொருமுறை வரும் பிப்ரவரி 29-ல்தான் மொரார்ஜி தேசாய் (1896), ருக்மிணி தேவி (1904) ஆகியோர் பிறந்தார்கள். அது கிடக்கட்டும். கடலோடிகளாகிய உங்களிடம் நாம் பேச வந்தது 1504-ம் வருஷத்து 29-ந் தேதியைப் பற்றி.

ஜமாய்க்காக் கரையில் கப்பல் பழுதாகிக் கிடந்த கொலம்பஸ் கூட்டத்தாருக்கு அத்தீவு மக்கள் மாதக்கணக்காய் ஆகாரம் கொடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அவனிடம் ஜெர்மானியர் ரெஜியோமொண்டானஸ் கணித்த பஞ்சாங்கம் இருந்தது. அதில் அன்றிரவு சந்திர கிரகணம் என்று கண்டிருந்தது. உடனே, தன் கடவுள் கோபங்கொண்டு சந்திரனை மறைக்கப் போவதாகப் பயமுறுத்தினான். சந்திரன் சிவந்து மங்கிற்று. மக்கள் அலறிக்கொண்டு உணவைச் சுமந்து ஓடிவந்தார்கள். அவனோ அறைக்குள் போய் மணற்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்து, கிரகணம் விடும் சமயத்துக்குச் சரியாய் வெளியே வந்து, கடவுள் மன்னித்தார் என்றானாம்! மறைத்தது பூமியின் நிழல். பிழைத்தது கொலம்பஸின் வயிறு. நம்மூர் தர்ப்பையும் தட்சணையும் வேறென்ன?

அந்த வித்தையை மறைக்காமல் ஊராருக்குச் சொன்னவரும் நம் சென்னையில் இருந்தார். நுங்கம்பாக்கம் வானாராய்ச்சி நிலையத்துச் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடப்பதை விளக்கித் தேச பாஷைகளிலும் புத்தகம் போட்டார். பழைய பஞ்சாங்கக் கணக்கைத் திருத்தச் சொல்லி வாதாடினார். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22 வாக்கில். பஞ்சாங்கக்காரர் உத்தராயண புண்ணியகாலம் சொல்லித் தட்சணை வாங்குவதோ, இன்றும் தை முதல் நாளில்தான்.